எக்ஸ்பியைப் பெட்டிக்குள்ள அடைச்சு கொடை நோட்டீஸ் அடிக்கலாமா?

04.02.2024, இரவு 9.10. கேள்வி: அம்பாசமுத்திரத்துத் தம்பி

அண்ணாச்சி, வெள்ளத்துல பழைய கம்ப்யூட்டர் போன பெறகும் நீங்க விண்டோஸ் 11 மெஷின் வாங்கி, அதுல விர்ச்சுவல் பாக்ஸ் (ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி நடிக்கிற நிரல்) போட்டு, அதுக்குள்ள மறுபடி விண்டோஸ் எக்ஸ்பியையே ஓட்டுதீங்கன்னு கேள்விப்பட்டேன். நெசமாவா? 2001-ல வந்த சிஸ்டம் அது. 2014 ஏப்ரல் 8-ஓட மைக்ரோசாஃப்ட்டே கைகழுவிட்டு. எங்க அப்பா அச்சாபீஸ்லயும் இதே கூத்துதான். பழசை விட மனசில்லாதவங்க பண்ற வேலைதான் இந்த விர்ச்சுவல் மெஷின். எந்த மெஷின்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடு எழுத்துக்கு மாறிட்டா சோலி முடிஞ்சுது. தப்புன்னா சொல்லுங்க.

04.02.2024, இரவு 11.40

பாதி தப்பு.

என் கடை திருநெல்வேலி சந்திப்புப் பக்கம். டிசம்பர் 17 ராத்திரி ஆத்துல தண்ணி ஏறுதுன்னு போன் வந்தப்ப கடைக்குப் போக வழியில்லை. மூணாம் நாள் ஷட்டரைத் தூக்கினா சுவத்துல முழங்கால் உயரத்துக்குச் சேத்துக்கோடு. எக்ஸ்பி மெஷின் தரையில ஒரு பலகை மேல இருந்தது. மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் காலி. ஹார்டு டிஸ்க் மேல் அடுக்குல இருந்ததால நாலு விரல் வித்தியாசத்துல தப்பிச்சுட்டு. 40 ஜிபி ஐடிஇ டிஸ்க். 2003-ல இருந்து நான் அடிச்ச கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை (ஊர்த் திருவிழா) நோட்டீஸ் அத்தனையும் அதுக்குள்ள.

கொடை நோட்டீஸ்னா உனக்குத் தெரியும்லா. கால்நாட்டு, குடியழைப்பு, மாக்காப்பு, வில்லிசை, மதியக்கொடை, சாமக்கொடைன்னு நிகழ்ச்சி நிரல் கால் பக்கம். மிச்சம் முழுக்க வரிதாரர் பெயர். ஒரு ஊருக்கு 300 தலைக்கட்டு, அதாவது வரி கொடுக்கிற குடும்பம். வருஷத்துக்கு நாலஞ்சு பெரியாளுவ போய்ச் சேர்ந்திருப்பாவ, ஏழெட்டுப் பையனுவ கல்யாணம் முடிஞ்சு புதுத் தலைக்கட்டா வந்திருப்பானுவ. போன வருஷக் கோப்பைத் திறந்து அந்தப் பத்துப் பதினஞ்சு பெயரை மாத்தினாப் போதும். திறக்க முடியலைன்னா 300 பெயரையும் இனிஷியலோட முதல்ல இருந்து அடிக்கணும். ஒரு இனிஷியல் மாறுச்சுன்னா கடை வாசல்லயே பஞ்சாயத்து.

கோப்பு எல்லாம் பேஜ்மேக்கர்ங்கிற பக்க வடிவமைப்பு நிரல்ல பண்ணது. எழுத்துரு ஒரு கம்பெனியோடது, சாவி மாதிரி இருக்கிற யூஎஸ்பி டாங்கிளைச் செருகினாத்தான் தமிழே வரும். அதோட சிடி தொலைஞ்சு பத்து வருஷமாச்சு. அதனால புதுசா ஒரு எக்ஸ்பி நிறுவிப் பிரயோசனம் இல்லை. அந்த டிஸ்க்குல இருந்த எக்ஸ்பியேதான் வேணும்.

இப்ப புது மெஷின்ல 8 ஜிபி ராம். எக்ஸ்பிக்கு 1 ஜிபியும் 2 ப்ராசசரும் கொடுத்திருக்கேன். பழைய மெஷினைவிட வேகமா எந்திரிக்கு. கவலையே இல்லை.

(இந்தக் கடைசி ரெண்டு வார்த்தையைப் பெறகு படிச்சு நானே தலையில அடிச்சுக்கிட்டேன். மே மாசக் குறிப்பைப் பாருங்க.)

05.02.2024, காலை 7.15

டிஸ்க்கை எப்படி உள்ள கொண்டுபோனேன்னு ரெண்டு பேரு கேக்காவ.

டிஸ்க்கைக் கழட்டி ஐடிஇ-யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டினேன். மகளுக்குப் பள்ளிக்கூடத்துல கிடைச்ச அரசு விலையில்லா லேப்டாப்பை லினக்ஸ் பென் டிரைவ்ல கிளப்பி, டிடி கட்டளையால முதல் பைட்டுல இருந்து கடைசி பைட் வரைக்கும் வெளி டிஸ்க் ஒண்ணுக்கு ஒரே கோப்பா நகல் எடுத்தேன். உள்ள பாதி காலியா இருந்தாலும் கோப்பு 40 ஜிபிதான் வரும். டிடியில எது மூலம் எது நகல்னு மூணு தடவை பாத்துட்டு என்டர் தட்டுங்க. மாத்திக் கொடுத்தீங்கன்னா வெள்ளம் விட்டுவச்சதை நீங்களே முடிச்சு வச்சிருவீங்க.

அந்தக் கோப்பை விர்ச்சுவல் பாக்ஸோட 'கன்வர்ட் ஃப்ரம் ரா' கட்டளையால விடிஐ (விர்ச்சுவல் பாக்ஸ் தன் டிஸ்க்கா எடுத்துக்கிடுற கோப்பு) ஆக்கி, மெஷின்ல மாட்டி ஓட விட்டேன். எக்ஸ்பி சின்னம் வந்துச்சு. கீழ நீலப் பட்டை ரெண்டு சுத்து ஓடுச்சு. பொசுக்குன்னு நீலத் திரை. பிழை எண் கடைசியில 7பி.

காரணம் என்னன்னா, அந்த எக்ஸ்பிக்குப் பழக்கமானது பழைய மதர்போர்டோட டிஸ்க் கன்ட்ரோலர். விர்ச்சுவல் பாக்ஸ் காட்டுறது இன்டெல்லோட பிஐஐஎக்ஸ்4 மாதிரி நடிக்கிற இன்னொண்ணு. கண்ணு முழிச்சுப் பாத்தா படுத்த வீடு இல்லை. தன் டிஸ்க்கையே படிக்கத் தெரியாம விழுந்துட்டு.

எக்ஸ்பி சிடியைக் காட்டி ரிப்பேர் இன்ஸ்டால் பண்ணேன். முதல் திரையிலயும் 'ஆர் அமுக்கு'ன்னு போட்டிருக்கும், அமுக்கிராதீங்க, அது ரெக்கவரி கன்சோல், வெறும் கறுப்புத் திரைதான் வரும். என்டர் தட்டி, எஃப்8-ல ஒப்புக்கிட்டா, டிஸ்க்குல இருக்கிற பழைய விண்டோஸைத் தேடிப் பிடிச்சுக் காட்டும். அங்கதான் ஆர். நிரலும் கோப்பும் இருந்தபடி இருக்கும், வன்பொருளை மட்டும் புதுசா அடையாளம் பாத்துக்கிடும். இன்னொண்ணு, விடிஐயை ஐடிஇ-ல மாட்டுங்க. சாட்டாவுல மாட்டினா எக்ஸ்பி கிட்ட அதுக்கு டிரைவர் கிடையாது, திரும்ப 7பி.

ஆக்டிவேஷன் மறுபடி கேட்டுச்சு. என்னோடது பெட்டியா வாங்கின சிடி, மெஷின் மாத்திக்கிடலாம். மெஷினோட ஒட்டி வந்த ஓஇஎம் ஸ்டிக்கர்னா அந்த உரிமை அந்த மெஷினோட போச்சு. அதை யோசிச்சுட்டு இறங்குங்க.

05.02.2024, மதியம் 1.30

2 ப்ராசசர்னு நேத்து எழுதினேன்லா, அது வீண். ஒத்தை ப்ராசசர் மெஷின்ல நிறுவின எக்ஸ்பிக்கு ரெண்டாவது கொடுத்தாலும் அதை எடுத்துக்கிடத் தெரியாது. ஒண்ணாக் குறைச்சுட்டேன். வித்தியாசம் ஒண்ணும் தெரியலை.

11.02.2024, இரவு 10.05

ஆழ்வார்குறிச்சியில இருந்து ஒருத்தர் எழுதியிருக்காவ: விர்ச்சுவல் பாக்ஸ் போட்டா 32 பிட் சிஸ்டம் மட்டும்தான் பட்டியல்ல வருதாம், 64 பிட்டே காணோமாம். பயாஸ்ல விர்ச்சுவலைசேஷன் அணைஞ்சு கிடக்கும். மெஷின் எந்திரிக்கும்போது எஃப்2-வோ எஃப்10-வோ டெலிட்டோ அமுக்கி உள்ள போங்க. இன்டெல்னா 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டின்னா 'எஸ்விஎம் மோட்'. எனேபிள், சேமி, முடிஞ்சுது.

என் சிக்கல் வேற. விர்ச்சுவல் பாக்ஸ் சன்னலோட கீழ் ஓரத்துல ஒரு பச்சை ஆமைப் படம் ஒரு வாரமா உக்காந்திருக்கு. முதல்ல ஏதோ அலங்காரம்னு நினைச்சேன். சிஸ்டம் பையப் பைய ஊருது. தேடிப் பாத்தா, விண்டோஸ் 11 தன்னோட பாதுகாப்புக்காக ஹைப்பர்-வியை (மைக்ரோசாஃப்ட்டோட சொந்த விர்ச்சுவல் மெஷின் நிரல்) முன்னாலயே ஓட்டிக்கிட்டு இருக்கு. மெமரி இன்டெக்ரிட்டின்னு ஒரு அமைப்பு, அதுவும் இதே ஹைப்பர்-வி மேலதான் உக்காந்திருக்கு. ப்ராசசர்ல விர்ச்சுவல் மெஷினுக்குன்னே இருக்கிற விடி-எக்ஸ் வசதியை அது பிடிச்சுக்கிட்டதால விர்ச்சுவல் பாக்ஸ் நேரா கை வைக்க முடியாம, ஹைப்பர்-வி வழியாக் கெஞ்சி ஓடுது. அதுக்கு அடையாளம் அந்த ஆமை.

ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு எங்க ஆச்சி சொல்லுவா. மெமரி இன்டெக்ரிட்டியை அணைச்சு, விண்டோஸ் வசதிகள் பட்டியல்ல ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் ரெண்டுக்கும் டிக்கை எடுத்து, ரீஸ்டார்ட். ஆமை போய்ட்டு.

19.02.2024, இரவு 9.50

ஆமையைத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டேன்.

அம்பைத் தம்பிதான் திட்டினான். மெமரி இன்டெக்ரிட்டி சும்மா இல்ல அண்ணாச்சி, கெட்ட டிரைவர் கர்னலுக்குள்ள, அதான் சிஸ்டத்தோட உள்மையத்துக்குள்ள, நுழையாமப் பாக்கிற காவல், அதே மெஷின்ல நீங்க பேங்க் வேலையும் பாக்கீங்கன்னான். சரின்னு பட்டுச்சு. எக்ஸ்பியில நான் ஓட்டுறது பேஜ்மேக்கர். அது பென்டியம் காலத்து நிரல், ஆமை மேல ஏறிப் போனாலும் எனக்குப் போதும். அன்னைக்கு மெதுவா இருந்ததுக்குக் காரணம் பாதி, பின்னால ஓடிக்கிட்டு இருந்த விண்டோஸ் அப்டேட். ஆச்சி மன்னிக்கணும்.

12.03.2024, இரவு 12.30

25-ந்தேதி பங்குனி உத்திரம். சாஸ்தா கோயில் நோட்டீஸ் குவிஞ்சு கிடக்கு. மும்பையில இருக்கிறவன்கூட குலதெய்வத்துக்கு வந்து சேருற நாள், எல்லாருக்கும் பத்து நாளைக்கு முன்னால நோட்டீஸ் கையில இருக்கணும்.

தென்காசிக்காரர் ஒருத்தர் திருத்தம் சொல்லியிருக்காவ: பேஜ்மேக்கர் 7 விண்டோஸ் 10-லயே ஓடுது, உமக்கு எதுக்குவே எக்ஸ்பின்னு. உண்மைதான், பேஜ்மேக்கர் 32 பிட் நிரல், பல கடையில ஓட்டுதாவ. நான் மேல எழுதினதைப் படிச்சா பேஜ்மேக்கருக்காகத்தான் எக்ஸ்பின்னு தோணும், என் எழுத்துல பிசகு. தடுக்கிறது டாங்கிளோட டிரைவர். நிரல் 32 பிட்டா இருந்தா 64 பிட் விண்டோஸ் ஓட்டிக்கிடும், ஆனா கர்னலுக்குள்ள போற டிரைவர் 64 பிட்டாத்தான் இருக்கணும். என்னோடது எக்ஸ்பி காலத்து 32 பிட் டிரைவர். புதுசு கேட்டு எழுதினேன், பதில் இல்லை.

அச்சடிக்கிற வழி: கடை லேசர் பிரிண்டருக்கு எக்ஸ்பி டிரைவர் கிடையாது. உள்ளேயே பிடிஎஃப் ஆக்கி, எழுத்துரு பிடிஎஃப்ல பதிஞ்சிருக்கான்னு பாத்து, வெளிய எடுத்து விண்டோஸ் 11-ல இருந்து அடிக்கேன். ஆஃப்செட்டுக்கும் அதே பிடிஎஃப்.

வைரஸ் பயம் கேட்டவங்களுக்கு: எக்ஸ்பியோட நெட்வொர்க் அடாப்டரையே அமைப்புல அணைச்சு வச்சிருக்கேன். 2017 மே மாசம் கோப்பைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை வைரஸ் வந்தப்ப, கைவிட்ட எக்ஸ்பிக்கும் சேத்து மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் விட வேண்டிய நிலைமை. நெட் இல்லாத எக்ஸ்பிக்கு நெட் வழியா ஒண்ணும் வராது.

(நெட் வழியா வராதுதான். வேற வழி நானே திறந்து வச்சிருந்தேன்.)

14.03.2024, மதியம் 3.00

விர்ச்சுவல் பாக்ஸோட கூடுதல் வசதித் தொகுப்பான எக்ஸ்டென்ஷன் பேக்கைக் கடைக்குப் போடலாமான்னு கேள்வி. விர்ச்சுவல் பாக்ஸ் திறமூலம், ஜிபிஎல் உரிமம், கடைக்கும் தாராளமாப் போடலாம். எக்ஸ்டென்ஷன் பேக்குக்கு உரிமம் வேற, சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் சும்மா. முன்ன யூஎஸ்பி 2.0 வேணும்னா அதைப் போட்டே ஆகணும். 2022-ல வந்த 7.0-ல இருந்து யூஎஸ்பி 2.0, 3.0 ரெண்டும் அடிப்படைத் தொகுப்புலயே இருக்கு. எக்ஸ்பிக்கு 2.0-ஐத் தேர்ந்தெடுங்க, 3.0-க்கு எக்ஸ்பி கிட்ட டிரைவர் இல்லை.

09.05.2024, அதிகாலை 2.20

312 பெயர் போச்சு.

10.05.2024, இரவு 11.00

நேத்து அதுக்கு மேல எழுத கை வரலை.

புதுசா நம்ம கிட்ட வந்த ஊரு, வைகாசிக் கொடை. முன்ன வேற கடையில அடிச்சதால பழைய கோப்பு இல்லை. 312 தலைக்கட்டையும் ரெண்டு ராத்திரி உக்காந்து அடிச்சேன். மூணாம் நாள் சாயங்காலம் ஒரு பையன் பென் டிரைவோட வந்தான், பாஸ்போர்ட் போட்டோ பிரிண்ட் வேணும்னு. நான் பாட்டுக்குச் செருகினேன். விண்டோஸ் 11-ல டிரைவ் வரலை. எங்கன்னு பாத்தா எக்ஸ்பிக்குள்ள போய் உக்காந்திருக்கு. உள்ள எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டா மாறிட்டு.

ஏன் அங்க போச்சு? டாங்கிளுக்காக யூஎஸ்பி ஃபில்டர் (எந்த யூஎஸ்பி சாதனம் எக்ஸ்பிக்குள்ள போகணும்னு சொல்ற விதி) போட்டிருந்தேன். அதைச் சேர்க்க ரெண்டு பொத்தான் உண்டு. ஒண்ணு, செருகியிருக்கிற சாதனத்தைத் தேர்ந்தெடுத்து அதோட விவரத்தோட சேக்கிறது. இன்னொண்ணு, எல்லாக் கட்டமும் காலியா ஒரு ஃபில்டர். காலி ஃபில்டர்னா 'எது வந்தாலும் எனக்கு'ன்னு அர்த்தம். பிப்ரவரி மாசம் அவசரத்துல நான் அமுக்கினது ரெண்டாவது. டாங்கிள் வேலை செஞ்சுது, திரும்பிப் பாக்கலை.

சரி, வைரஸ்தானே, எக்ஸ்பி அன்னைக்கு இருந்த நிலையைப் பிடிச்சு வச்ச ஸ்நாப்ஷாட் இருக்கு, ஏப்ரல் 20-ல எடுத்தது, மீட்டா எக்ஸ்பி சுத்தமாயிரும்னு ரீஸ்டோர் அமுக்கினேன். ஒரு கட்டம் வரும், 'இப்போதைய நிலையையும் ஸ்நாப்ஷாட்டா எடுத்து வைக்கவா'ன்னு டிக்கோட கேக்கும். வைரஸ் பிடிச்ச சவத்தை எதுக்குச் சேத்து வைக்கணும்னு டிக்கை நானே எடுத்தேன். ஓகே.

எக்ஸ்பி ஏப்ரல் 20-க்குப் போய்ட்டு. வைரஸ் போய்ட்டு. எக்ஸ்பியோட மை டாக்குமென்ட்ஸ்ல இருந்த 312 பெயரும் கூடவே போய்ட்டு. ஸ்நாப்ஷாட்டுக்கு வைரஸ் வேற கோப்பு வேறன்னு தெரியுமா? அன்னைக்கு டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டு நிறுத்தும்.

யார் மேலயும் குத்தமில்லை. மூணு தப்பும் என் விரல்தான்.

11.05.2024, காலை 6.40

எடுத்த ஏற்பாடு இது.

ஆத்துக்குள்ள இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில்ல வெள்ளம் வருதுன்னா உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாவ. மூலவர் பாறையில செதுக்கினது, அவர் அங்கயே முழுகிக் கிடப்பார். வடிஞ்ச பெறகு சேத்தைக் கழுவிட்டு பூசை நடக்கும். நான் என்ன பண்ணியிருக்கேன்? மூலவரையும் உற்சவரையும் ஒரே கருவறையில வச்சு, வெள்ளம் வந்தாப் பாத்துக்கிடலாம்னு இருந்திருக்கேன்.

இப்ப விண்டோஸ் 11-ல 'கொடை'ன்னு ஒரு ஃபோல்டர். எக்ஸ்பிக்குள்ள கெஸ்ட் அடிஷன்ஸ்ங்கிற விர்ச்சுவல் பாக்ஸ் துணை நிரலைப் போட்டா அது எக்ஸ்பிக்குள்ள ஒரு டிரைவாத் தெரியும். ஒவ்வொரு கோப்பும் அங்கதான் சேமிக்கணும். எக்ஸ்பிக்குள்ள ஒண்ணும் தங்கக்கூடாது. இனி எத்தனை தடவை ஏப்ரல் 20-க்குப் போனாலும் எனக்குக் கவலை… சொல்ல மாட்டேன்.

வாரம் ஒருக்க எக்ஸ்பியை முறையா ஷட்டவுன் பண்ணி, அந்த மெஷினோட முழு ஃபோல்டரையும் வெளி டிஸ்க்குல நகல் எடுக்கேன். விடிஐ கோப்பை மட்டும் எடுத்தாப் போதாது. ஸ்நாப்ஷாட் எடுத்த பெறகு நடக்கிற மாற்றமெல்லாம் பக்கத்துல ஸ்நாப்ஷாட் ஃபோல்டர்ல வேற கோப்புல போகும், அது இல்லாம விடிஐ பழங்கதை. டிஸ்க் வீட்டுக்குப் போயிரும். வீடு பாளையங்கோட்டையில மாடி.

312 பெயரா? திரும்ப அடிச்சேன். வீட்டுக்காரி வாசிச்சா, நான் அடிச்சேன். ஒரே ராத்திரியில முடிஞ்சுது, பாதிப் பெயர் மனப்பாடம் ஆயிருந்தது.

27.06.2024, இரவு 10.15

ஆனித் தேர் முடிஞ்சு இப்பத்தான் செத்த மூச்சு விடுதேன். தேருக்கு வந்த அம்மை கடையில உக்காந்திருந்தா. திரையில விண்டோஸ் 11, அதுக்குள்ள எக்ஸ்பியோட பச்சைப் புல்வெளி. "ஒண்ணுக்குள்ள ஒண்ணு எப்படிலே?"ன்னா.

நாங்க முன்ன டவுன்ல வளவு வீட்டுல இருந்தோம். அதை வச்சுச் சொன்னேன். ஒரு வளவு, ஒரு கிணறு, ஏழு குடித்தனம். இங்க ஒவ்வொரு குடித்தனமும் தான்தான் வீட்டுக்குச் சொந்தக்காரன்னு நினைச்சு இறைக்கும். நெசமான வீட்டுக்காரர் திண்ணையில உக்காந்து, யாரு எப்ப இறைக்கணும்னு பாத்து விடுதார். ஒரு குடித்தனத்துல சண்டைன்னா அடுத்த வீட்டுக்குத் தெரியாது.

"கிணறு வத்தினா?"ன்னா.

ராமைப் பத்தி இங்க எத்தனை பேரு பக்கம் பக்கமாக் கேட்டிருக்கீங்க, எல்லாத்துக்கும் அம்மை கேள்விதான் பதில். 4 ஜிபி மெஷின்ல விண்டோஸ் 10-ஐயும் ஓட்டி உள்ள இன்னொரு விண்டோஸ் 10-ஐயும் ஓட்டணும்னா வத்தும். எக்ஸ்பிக்கு அரை ஜிபி கொடுத்தாலே ஓடிரும்.

இது நேத்து வந்த வித்தைன்னு நினைக்கிறவங்களுக்கு: ஐபிஎம் தன்னோட 370 பெருங்கணினிக்கு விஎம்/370-ஐ 1972-ல விட்டுட்டு. நம்ம மேசைக் கணினிக்கு விஎம்வேர் 1999-ல கொண்டுவந்தது. அப்ப ப்ராசசர்ல இதுக்குன்னு ஒத்தாசை கிடையாது, உள்ள ஓடுற சிஸ்டத்தோட முரட்டு ஆணைகளைப் பறக்கும்போதே பிடிச்சு மாத்தி எழுதிச் சமாளிச்சாவ. இன்டெல் விடி-எக்ஸை ப்ராசசர்லயே வச்சது 2005 கடைசியில, அடுத்த வருஷம் ஏஎம்டி. லினக்ஸுக்குள்ள கேவிஎம் 2007-ல வந்துட்டு.

விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோ போன மாசம் இலவசமாயிட்டுன்னு ஒருத்தர் துள்ளுதாவ. சொந்த உபயோகத்துக்கு மட்டும். கடைக்கு இல்லை.

18.08.2024, இரவு 9.30

சிரிக்காம எழுத முயற்சி பண்ணுதேன்.

ஆவணிக் கொடைக்கு நோட்டீஸ் கொடுக்க ஒரு ஊர்க் கமிட்டி வந்தது. ரெண்டு வகையறா. யாரு பெயரு முதல்ல வரணும்னு பேச்சு தடிச்சுட்டு. "2007 நோட்டீஸ்ல நாங்கதான் முதல்ல"ன்னு இவ்வோ, "கெடையவே கெடையாது"ன்னு அவ்வோ. நான் சும்மா இருந்திருக்கலாம். என் கிட்ட அத்தனை வருஷமும் இருக்குன்னு பெருமையா எக்ஸ்பியைக் கிளப்பினேன்.

2007 கோப்பு: இவ்வோ முதல்ல. 2008: அவ்வோ முதல்ல. ரெண்டு பக்கமும் எந்திரிச்சு நின்னுட்டாவ. 2009-ஐத் திறந்தேன். ரெண்டு வகையறாவையும் கலந்து அகரவரிசையில போட்டிருக்கு. அது யாரு சொல்லிப் பண்ணதுன்னு பெரியவர் ஒருத்தர் கேட்டாவ. யாரும் சொல்லலை. அன்னைக்கு அதுதான் சுலபமா இருந்திருக்கும், நானாப் பண்ணியிருக்கேன்.

ரெண்டு வகையறாவும் ஒண்ணாச் சேந்து என்னைத் திட்டிட்டுப் போனாவ. நோட்டீஸ் அகரவரிசையிலயே அடிச்சாச்சு.

06.10.2024, மாலை 5.20

தம்பி, உன் முதல் கேள்விக்கு வாரேன். யூனிகோடு.

பழைய எழுத்துருக்களோட வினை என்னன்னு புதுசா வர்றவங்களுக்கு: பாமினியில 'அம்மா'ன்னு அடிச்ச கோப்பை அந்த எழுத்துரு இல்லாத மெஷின்ல திறந்தா, ஆங்கிலத்துல எம், கே, அரைப்புள்ளி, கே, எச்-னு நிக்கும். கம்ப்யூட்டருக்கு அது என்னைக்குமே தமிழ் இல்லை, தமிழ் வேஷம் போட்ட ஆங்கிலம். 1999-ல சென்னையில தமிழ்நெட் மாநாடு நடந்து டாம், டாப்னு குறியீடும் தமிழ்99 விசைப்பலகையும் வந்துச்சு. அதுக்குள்ள ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வேஷம் கட்டியாச்சு.

இவன் ஒரு மாத்தி நிரல் எழுதி அனுப்பினான். ஒரு ஊரோட 300 பெயரை விட்டுப் பாத்தேன், நொடியில யூனிகோடு. பாராட்டலாம்னு வாயைத் திறந்தேன், வீட்டுக்காரி 'கௌரி'யைத் தேடினா. கிடைக்கலை. திரையில கண்ணெதிர்ல இருக்கு, தேடினா இல்லைங்குது. பழைய எழுத்துருவுல ஔகாரத்தோட பின் குறியும் 'ள' எழுத்தும் ஒரே கட்டை. மாத்தினப்ப அது கெ, ள, ரின்னு மூணு எழுத்தா விழுந்து 'கெளரி' ஆயிட்டு. பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் வித்தியாசம் தெரியும்: கௌரி, கெளரி. சௌந்தரமும் அதே கதி. சரி, 'கெள' எல்லாத்தையும் 'கௌ' ஆக்கிருவோம்னு மொத்தமா மாத்தினா, 'கெளுத்தி' மீன் மாதிரி நியாயமான 'கெள' வர்ற இடத்துல அதுவும் கெடும். பெயர்ப் பட்டியல்ல கெளுத்தி இல்லைங்கிறதால நமக்குப் பரவாயில்லை.

ஒத்துக்கிடுதேன். பெயர்ப் பட்டியலை ஊர் ஊரா யூனிகோடுல, எக்செல்ல ஏத்த ஆரம்பிச்சாச்சு. ஆனா மயில் பார்டரும், மூலையில குத்துவிளக்கும், உச்சியில பிள்ளையார் சுழியும் வச்ச பக்க அமைப்பு யூனிகோடுக்கு வராது, அது பேஜ்மேக்கர்லதான் கிடக்கு. அதுக்கு எக்ஸ்பி இருந்தே ஆகணும்.

15.11.2024, காலை 8.00

ஜூன்ல 'கடைக்கு இல்லை'ன்னு எழுதினதைத் திருத்திக்கிடுங்க. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோ இந்த மாசத்துல இருந்து வணிக உபயோகத்துக்கும் இலவசம்னு அறிவிச்சாச்சு. போன வருஷம் நவம்பர்ல பிராட்காம் வாங்கின பெறகு நடக்கிற மாத்தம். நான் மாறப் போறதில்லை. ஓடுற வண்டியை எதுக்கு இறங்கித் தள்ளணும்.

02.02.2025, இரவு 10.40

விடிஐ கோப்பு 31 ஜிபி ஆயிட்டு. எக்ஸ்பிக்குள்ள பாத்தா 9 ஜிபிதான் உபயோகத்துல இருக்கு. வளர மட்டும்தான் தெரியும், உள்ள அழிச்சாலும் வெளிய சுருங்காது. அழிச்ச இடத்துல பழைய எச்சம் கிடக்கும், விர்ச்சுவல் பாக்ஸுக்கு அது காலி இடம்னு தெரியாது. எஸ்டெலீட்னு ஒரு சின்ன நிரலால காலி இடம் முழுக்க சுழியம் நிரப்பி, ஷட்டவுன் பண்ணி, வெளிய இருந்து காம்பேக்ட் கட்டளை கொடுத்தேன். 10 ஜிபிக்கு வந்துட்டு. சுழியம் நிரப்பையில முதல்ல முழு 40-க்கு வீங்கும், டிஸ்க்குல இடம் இருக்கான்னு பாத்துட்டுச் செய்யுங்க. ஸ்நாப்ஷாட் எல்லாத்தையும் முன்னாலயே நீக்கிருங்க.

16.10.2025, இரவு 11.10

14-ந்தேதியோட விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிஞ்சுது. கடையோட ரெண்டாவது மெஷின் பத்து வருஷப் பழசு, டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சில்லு இல்லை, விண்டோஸ் 11 ஏத்துக்கிடாது. தம்பி சொன்னபடி லினக்ஸ் மின்ட் போட்டேன். வெளி டிஸ்க்குல இருந்த எக்ஸ்பி ஃபோல்டரை அப்படியே கொண்டுபோய்த் திறந்தேன். அதே புல்வெளி. வீடு மாறினதே அதுக்குத் தெரியலை.

டாங்கிள் மட்டும் வரலை. யூஎஸ்பி பட்டியலே காலி. போன் போட்டா, "விபாக்ஸ்யூசர்ஸ் குழுவுல உங்க பெயரைச் சேத்தீங்களா அண்ணாச்சி?"ன்னான். சேத்து, லாகவுட் பண்ணி உள்ள வந்தேன். வந்துட்டு.

இந்த டாங்கிளைத்தான் எந்தப் பெட்டிக்குள்ளயும் நகல் எடுத்துப் போட முடியலை. கட்டைவிரல் அளவு, ஓரம் விரிஞ்சு இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கேன். கடையில வைக்க பயந்து தினமும் ராத்திரி சட்டைப்பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு போறேன்.

23.10.2025, காலை 9.25

சட்டையைத் துவைக்கப் போட்டுட்டா.

மெஷின்ல முழுசா ஒரு சுத்து சுத்தி, மொட்டைமாடிக் கொடியில காயப்போடையில பையில இருந்து விழுந்துச்சு. வெயிலே இல்லை, ஐப்பசி மழை. டேப்பை உரிச்சு அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வச்சிருக்கேன். தம்பி ரெண்டு நாளைக்குச் செருகாதீங்கங்கான்.

கடையில பேஜ்மேக்கர் வேலை மூணு நிக்குது.

25.10.2025, இரவு 8.15

சிவப்பு விளக்கு எரியுது. எழுத்து வருது.

2003-ல இருந்து எல்லாக் கோப்பையும் பிடிஎஃப் ஆக்க ஆரம்பிச்சுட்டேன். இப்ப 2006-ல நிக்கேன். ராத்திரிக்கு நாப்பது கோப்பு போகுது.